ஆடும் பலகையில் ஆசனம்

இந்தப் பக்கத்தைப் படிப்பதைச் சற்றே நிறுத்திவிட்டு எழுந்து நில்லுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவர் இருக்கட்டும். வலக்காலைத் தூக்கி, இடக்காலில் மட்டும் நில்லுங்கள். பெரிய வேலையாகத் தோன்றாது. இப்போது கண்களை மூடிக்கொள்ளுங்கள். பத்து எண்ணுவதற்குள் உங்கள் கணுக்கால் உள்ளும் புறமுமாகத் துடிக்கத் தொடங்கிவிடும். கைகள் தாமாகவே விரியும். பலருக்கு அந்தப் பத்தை எண்ணி முடிப்பதற்குள் தூக்கிய கால் தரைக்கு வந்துவிடும்.

தரை அசையவில்லை; யாரும் தள்ளவும் இல்லை. பிறகு ஏன் விழப் பார்த்தோம்? உண்மையில் நாம் ஒருபோதும் 'சும்மா' நிற்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் மனித உடல் நட்டுவைத்த கம்பம் அன்று; விரல் நுனியில் நிறுத்திய குச்சியைப் போன்றது. ஓயாமல் சாய்கிறது, ஓயாமல் திருத்தப்படுகிறது. திருத்தங்கள் மிகச் சிறியவை என்பதால் நாம் அவற்றை உணர்வதில்லை.

இனி, அதே ஒற்றைக்கால் ஆசனத்தை ஏரி நீரில் மிதக்கும் ஒரு பலகையின்மேல் நின்று செய்வதாக எண்ணிப் பாருங்கள். அப்படியும் செய்கிறார்கள். பேடில் போர்டு எனப்படும் துடுப்புப் பலகையின்மேல் யோகாசனம் செய்வது கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் உலகின் பல கடற்கரைகளுக்கும் ஏரிக்கரைகளுக்கும் பரவியுள்ளது. விளம்பரப் படங்களில் இதைப் பார்க்கும் ஒருவர் 'இது வேடிக்கை, அவ்வளவுதான்' என்று ஒதுக்கக்கூடும். ஆனால் அந்தப் பலகையின்மேல் ஐந்து நிமிடம் நிற்பவருக்குத் தம் உடல் எவ்வாறு நிற்கிறது என்பது பற்றிப் புத்தகம் சொல்லாத பாடம் ஒன்று கிடைக்கும். அதைச் செய்து பார்க்க விரும்புவோர்க்கும், கரையில் இருந்தபடியே காரணம் அறிய விரும்புவோர்க்குமாக இக்கட்டுரை.

பலகையின் பிறப்பிடம்

அலைமேல் பலகையில் சறுக்குவது ஹவாய்த் தீவு மக்களின் பழைய கலை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைகிகி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்கு கற்றுத்தந்தவர்களில் சிலர், தம் பெரிய பலகைகளின்மேல் நின்றபடியே துடுப்பு வலித்தார்கள். நின்றால் தொலைவில் வரும் அலை தெரியும், கற்றுக்கொள்பவர்களைக் கண்காணிக்கலாம், படமும் எடுக்கலாம். பிறகு அந்த வழக்கம் ஏறத்தாழ மறைந்தது. 1990களின் நடுவில் மாவி தீவில் லேர்டு ஹாமில்டன், டேவ் கலாமா என்னும் அலைச்சறுக்கு வீரர்கள் அதை மீண்டும் கையில் எடுத்தனர். அதன்பின்தான் அது உலகம் முழுவதும் பரவியது.

மிதக்கும் மரத்தின்மேல் நின்று துடுப்பு வலிப்பது நமக்குப் புதிய காட்சி அன்று. சோழமண்டலக் கடற்கரை மீனவர்கள் கட்டுமரத்தில் செய்ததும் அதுவே. கட்டுமரத்துக்குப் படகைப் போன்ற குழிவு கிடையாது. அலை மேலேறி வழிந்தாலும் அது மூழ்காது; மரம் நீரைவிட இலேசானது என்பதே அதன் மிதப்பு. அந்தச் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆயிற்று. கட்டுமரத்தில் நின்றவர்களுக்குச் சமநிலை என்பது தனியே பயில வேண்டிய வித்தையாக இருக்கவில்லை. பிழைப்பின் ஒரு பகுதியாக இருந்தது.

மூன்றரைச் சென்டிமீட்டர் ஆழம்

யோகாசனத்துக்கு ஏற்ற பலகை சுமார் 3.2 மீட்டர் நீளமும் 85 செ.மீ. அகலமும் 15 செ.மீ. கனமும் உடையது. கனஅளவு ஏறத்தாழ 300 லிட்டர். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, முழுவதும் நீரில் அமிழ்த்தப்பட்டால் இது 300 கிலோகிராம் எடையைத் தாங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரும் 10 கிலோ பலகையும் சேர்ந்தால் 70 கிலோதான். எனவே 70 லிட்டர் நீரை விலக்கினால் போதும். பலகையின் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். 70 லிட்டரை இரண்டு சதுர மீட்டரில் பரப்பினால் கிடைக்கும் ஆழம் மூன்றரைச் சென்டிமீட்டர். பலகை நீரில் அமிழ்வது அவ்வளவே! ஆகவே மூழ்கிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். கவலைப்பட வேண்டியது கவிழ்வதைப் பற்றித்தான்.

கவிழ்வதும் கவிழாததும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நடக்கும் ஓட்டப்பந்தயம். முதலாவது, உங்களுக்கும் பலகைக்கும் பொதுவான ஈர்ப்பு மையம். எடை முழுவதும் அங்கே கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. இரண்டாவது மிதப்பு மையம். விலக்கப்பட்ட நீரின் நடுப்புள்ளியான அங்கே நீர் பலகையை மேல்நோக்கித் தள்ளுகிறது. பலகை சமமாக இருக்கையில் இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் உள்ளன. பலகை வலப்புறம் சாய்ந்தால் இரண்டுமே வலப்புறம் நகர்கின்றன. மிதப்பு மையம் அதிகமாக நகர்ந்திருந்தால், அது பலகையை நிமிர்த்திவிடும். ஈர்ப்பு மையம் முந்திக்கொண்டால் நீங்கள் நீருக்குள்.

மேலே சொன்ன பலகையில் 60 கிலோ மனிதர் கம்பம்போல் விறைப்பாக நிற்பதாகக் கொண்டு தோராயமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிற்கும்போது பொது ஈர்ப்பு மையம் பலகையின் அடிப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். பலகை 5 பாகை சாய்ந்தால் ஈர்ப்பு மையம் 8 செ.மீ. நகர்கிறது, மிதப்பு மையமோ 16 செ.மீ. நகர்கிறது. பலகை தானே நிமிர்ந்துவிடும். 10 பாகையில் 16க்கு 24. இன்னும் பிழைத்தோம். 15 பாகையில் 25க்கு 27; மயிரிழைதான். 20 பாகையிலோ ஈர்ப்பு மையம் 33 செ.மீ. போய்விடுகிறது, மிதப்பு மையம் 29 செ.மீ.க்கு மேல் போக முடியவில்லை. பலகையின் விளிம்புக்கு அப்பால் பலகை இல்லையே! மறுபக்க விளிம்பு முன்பே நீரைவிட்டு மேலே எழும்பியிருக்கும்.

அதே மனிதர் சம்மணமிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? பொது ஈர்ப்பு மையம் 35 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. 20 பாகை சாய்ந்தாலும் அது நகர்வது 12 செ.மீ. மட்டுமே, மிதப்பு மையத்தின் நகர்வோ அதே 29. நின்றவரைக் கவிழ்த்த அதே சாய்வு உட்கார்ந்தவரை ஒன்றும் செய்வதில்லை. 'முதலில் உட்கார், பிறகு மண்டியிடு, அதன்பிறகு நில்' என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கான முழுக் காரணமும் இந்த எண்களில் அடங்கியிருக்கிறது.

அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறிய சாய்வுகளில், நிமிர்த்தும் ஆற்றல் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. 32 அங்குலப் பலகைக்கும் 36 அங்குலப் பலகைக்கும் நான்கே அங்குலம்தான் வேறுபாடு. ஆனால் 36ஐ 32ஆல் வகுத்து மும்மடி எடுங்கள், 1.42 வரும். மிதப்பு மையத்தின் ஆதரவு நூற்றுக்கு நாற்பது பங்கு கூடிவிடுகிறது. வேகமாகச் செல்வதற்கென்று செய்த ஒடுக்கமான பலகையைக் கடைக்காரர் உங்கள் தலையில் கட்ட முயன்றால் இந்தக் கணக்கை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள்.

இருபத்தொரு டன் இழுக்கும் நூல்கள்

இந்தப் பலகைகளில் பெரும்பாலானவை மரமோ நுரைப்பொருளோ அல்ல, காற்றடைத்தவை. சுருட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பேருந்திலேயே போகலாம். ஊதினால் தரைபோல் கெட்டியாகிவிடும். இங்கே ஒரு புதிர் எழ வேண்டும். எந்தக் காற்றுப் பையும் ஊதினால் உருண்டையாகத்தானே ஆகும்? பலூன் அப்படித்தான், கால்பந்தும் அப்படித்தான். இது மட்டும் எப்படித் தட்டையாக இருக்கிறது?

பலகையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விடை தெரியும். மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இணைக்கின்றன. எல்லா நூலும் ஒரே நீளம். காற்று இரு துணிகளையும் விலக்கித் தள்ளுகிறது. நூல்கள் '15 செ.மீ.க்கு மேல் போகாதே' என்று இழுத்துப் பிடிக்கின்றன. பலகைக்குள் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவில் இருக்கும். கார் டயரில் இருப்பதில் பாதி. ஆனால் பரப்பு இரண்டு சதுர மீட்டர் அல்லவா? பெருக்கிப் பாருங்கள்: இரு துணிகளையும் பிரிக்க முயலும் மொத்த விசை சுமார் 21 டன் எடைக்குச் சமம். அவ்வளவையும் நூல்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. துணிகள் விறைத்து இழுபட்டு நிற்பதால்தான் உங்கள் எடையில் பலகை வளைவதில்லை. அழுத்தம் குறைந்தால் நடுவில் தொய்யும்; தொய்ந்த பலகை நிற்பவரைக் கூடுதலாக ஆட்டும். 'கைக்குக் கெட்டியாகத்தான் இருக்கிறது' என்று பாதியில் நிறுத்திவிடாமல் அழுத்தமானியைப் பார்த்து ஊதுங்கள்.

நூலிட்ட இந்தத் துணி பலகைக்கென்று பிறந்ததன்று. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1956இல் ஊதிப் பறக்கவிடும் விமானம் ஒன்றைச் செய்து பார்த்தது. அதன் இறக்கைகள் இந்த வகைத் துணியால் ஆனவை. எதிரியின் பகுதியில் சிக்கிக்கொண்ட விமானிக்கு அதை மூட்டையாகக் கட்டி மேலிருந்து போட வேண்டும், அவர் அதை ஊதி ஏறிப் பறந்து வந்துவிட வேண்டும் என்பது எண்ணம். போர்க்களத்தில் அது பயன்படவில்லை.

வெயிலைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 27 பாகை செல்சியசில் ஊதிய பலகையைக் கரை மணலில் போட்டுவிட்டுப் போனால் உள்ளே காற்று 57 பாகைக்குச் சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். வாயு விதிப்படி, வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். 15 பவுண்டு 18 பவுண்டாகிவிடும். ஒட்டுப்போட்ட தையல்கள் இதனால் பிரிவதுண்டு. நிழல் இல்லாவிட்டால் பலகையை நீரிலேயே போட்டு வையுங்கள். அல்லது சிறிது காற்றை இறக்கிவிடுங்கள்.

மூன்று சாட்சிகள்

இப்போது உங்கள் உடலுக்கு வருவோம். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடல் எங்கே போகிறது என்று மூளைக்குச் செய்தி சொல்ல மூன்று சாட்சிகள் உள்ளனர். கண் ஒன்று. உள்ளங்கால் தோல், தசை, மூட்டு ஆகியவற்றிலுள்ள உணர்விகள் இரண்டாவது. மூன்றாவது, உட்செவி.

உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள், அறையின் இரு சுவர்களும் தரையும் சந்திக்கும் மூலையைப் போல, ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்துள்ளன. அவற்றுள் ஒரு திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது குழல் உடனே திரும்புகிறது. திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த உரசலில் நுண்ணிய மயிர்கள் வளைகின்றன. நரம்பு செய்தி அனுப்புகிறது. குழல்களை அடுத்துள்ள இரு சிறு பைகளில் சுண்ணாம்புப் படிகங்கள் உள்ளன. தலை சாய்ந்தால் அவை புவியீர்ப்பின் திசையில் இழுபட்டு, சாய்வைத் தெரிவிக்கின்றன. காது கேட்பதற்கு மட்டுமன்று, நிற்பதற்கும் காதுதான் வேண்டும்!

இதன் மர்மத்தை விளக்கியவர்களுள் முக்கியமானவர் வியன்னாவில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் பாரனி. நோயாளிகளின் காதை நீர் பாய்ச்சிக் கழுவும்போது நீர் குளிர்ந்திருந்தால் அவர்களுக்குத் தலை சுற்றுவதையும் கண்கள் ஒரு பக்கமாகத் துள்ளுவதையும், நீர் சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமாகத் துள்ளுவதையும் அவர் கவனித்தார். வெப்பநிலை மாறும்போது குழலிலுள்ள திரவம் அடுப்பில் வைத்த நீர்போல் ஓடத் தொடங்குகிறது. தலை அசையாவிட்டாலும் 'சுழல்கிறாய்' என்று காது பொய் சொல்கிறது என்று அவர் விளக்கினார். இப்பணிக்காக அவருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்!

பாரனியின் கண்டுபிடிப்பு பலகையில் ஏறுபவருக்கு நேரடியாகப் பயன்படும். பலகையிலிருந்து பக்கவாட்டில் விழுந்து, குளிர்ந்த நீர் ஒரு காதில் மட்டும் புகுந்தால், சில நொடிகள் தலை கிறுகிறுக்கலாம். மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போகலாம். பதற வேண்டாம். மிதவைச் சட்டை அணிந்திருந்தால் அதுவே உங்களை மேலே கொண்டுவரும். பலகையைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். நீர் உடல் வெப்பத்தை அடைந்ததும் சுழற்சி நின்றுவிடும்.

தரையில் மூன்று சாட்சிகளும் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றனர். பலகையில் அப்படியில்லை. உள்ளங்காலின் கீழே பரப்பு சாய்கிறது. ஆனால் கணுக்கால் மடங்கிக்கொடுப்பதால் உடல் சாயவில்லை. இதைக் காலடி 'சாய்கிறோம்' என்றும், உட்செவி 'இல்லை' என்றும் சொல்கின்றன. கண்ணோ, அருகே ஓடும் சிற்றலைகளைப் பார்த்தால், நாமே நகர்வதாகக் கூறும். ரயில் நிலையத்தில் பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகரும்போது நம் வண்டி புறப்பட்டுவிட்டதாகத் தோன்றுமே, அதே ஏமாற்றம். அதனால்தான் பலகையில் நிற்பவர் காலடியையோ நீரையோ பார்க்கக் கூடாது. தொலைவிலுள்ள அசையாத ஒன்றை, எதிர்க்கரைப் பனைமரத்தையோ கோயில் கோபுரத்தையோ, பார்க்க வேண்டும். யோக நூல்கள் 'திருஷ்டி' என்று சொல்லும் பார்வை நிறுத்தத்துக்கு இங்கே உடனடிப் பலன் தெரியும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தரையில் முன்னே சாய்ந்தால் கால்விரல்களை அழுத்துகிறோம், தரை எதிர்த்துத் தள்ளுகிறது, நிமிர்ந்துவிடுகிறோம். பலகையில் விளிம்பை நோக்கி அழுத்தினால் விளிம்பே கீழே போகிறது. கணுக்காலின் பழைய தந்திரம் இங்கே பாதி வேலைதான் செய்யும். மீதியை முழங்காலும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும் ஏற்க வேண்டும். முதல் நாள் பலரும் விரல்களால் பலகையைக் 'கவ்வி'ப் பிடிக்கிறார்கள். பாதம் வலித்து இறுகுவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. விரல்களை விரியுங்கள்; முழங்காலைச் சற்று மடியுங்கள்.

ஏறுவோமா?

நீந்தத் தெரியாதவர் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும், பலகை காத்திருக்கும். தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். சட்டை அணிந்தால் ஆசனம் அழகாக இராது என்போர் உண்டு. அழகு இராதுதான்.

அலையற்ற, ஓட்டமற்ற நீரைத் தேர்ந்தெடுங்கள். ஆழம் குறைந்தது இடுப்பளவாவது இருக்க வேண்டும். அடியில் பாறையோ படிக்கட்டோ இருக்கக் கூடாது. முழங்கால் ஆழம் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் தலைகீழாக விழுபவரின் கழுத்தை உடைப்பது அந்த ஆழம்தான். மற்ற நேரங்களில் பலகையுடன் உங்களை இணைக்கும் கணுக்கால் கயிறு உயிர்காக்கும் பொருள். பலகையைக் காற்று அடித்துப்போனால் நீந்தி எட்டிப்பிடிப்பது கடினம். ஆனால் ஓடும் ஆற்றில் அதே கயிறு வேரிலோ கம்பத்திலோ சிக்கி ஆளை நீருக்கடியில் இழுத்துப் பிடித்துவிடும். ஆற்றில், இழுத்தவுடன் கழன்றுவிடும் இடுப்புப் பட்டையே ஏற்றது. தொடங்குபவருக்கு ஆறே வேண்டாம் என்பது என் கருத்து.

நங்கூரம் ஒன்று தேவை. ஓரிரு கிலோ எடையுள்ளது போதும். அது இல்லாவிட்டால் நீங்கள் கண்மூடிப் படுத்திருக்கும் பத்து நிமிடத்தில் பலகை எங்கோ போயிருக்கும்.

பலகையின் நடுவே தூக்குவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. பலகையின் எடை அங்கேதான் இருபுறமும் சமமாகிறது. அதுவே உங்கள் அடையாளம். முதலில் அதன்மேல் மண்டியிட்டு, கைகளை ஊன்றி, மேசைபோல் நில்லுங்கள். மூச்சை இழுக்கையில் முதுகைத் தாழ்த்தி, விடுகையில் வளைத்து, பூனை சோம்பல் முறிப்பதுபோல் பத்து முறை செய்யுங்கள். இது எளிதென்று எண்ணி அவசரப்பட வேண்டாம். சிறுமூளை இந்த நிமிடங்களில்தான் பலகையின் ஆட்டத்தைப் படித்துக்கொள்கிறது. பிறகு பாலாசனம், புஜங்காசனம், அதோமுக சுவானாசனம். கடைசியாகச் சொன்னதில் இரு கைகளும் இரு கால்களும் பலகையில் ஊன்றியிருப்பதால் பார்க்கும்போது தோன்றும் கடினம் செய்யும்போது இராது.

உட்கார்ந்து செய்வனவற்றுள் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பத்மாசனம் தரையில் நல்ல ஆசனம். பலகையில் அது ஆபத்து. பலகை கவிழ்ந்தால் பின்னிய கால்களுடன் நீருக்குள் போவீர்கள். சாதாரணச் சம்மணமே போதும். நாவாசனம் செய்து பார்க்கலாம். மிதவையின்மேல் படகாசனம் செய்வதில் ஒரு குறும்பு இருக்கிறது!

நிற்கும்போது கைப்பிடிக்கு இருபுறமும் பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, பலகையின் மூக்கை நோக்கி நில்லுங்கள். வீரபத்திராசனம் தாடாசனத்தைவிடப் பன்மடங்கு கடினமாக இருப்பதைக் காண்பீர்கள். காரணம் எளிது. பலகை நீளவாட்டில் கவிழ்வது அரிது. அதன் பலவீனம் அகலவாட்டில். தாடாசனத்தில் பாதங்கள் அகலவாட்டில் விரிந்து அந்தப் பலவீனத்தை ஈடுசெய்கின்றன. வீரபத்திராசனத்தில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக ஒரே கோட்டில் நிற்கின்றன. பலகையின் பலவீனமும் உங்கள் பலவீனமும் ஒரே திசையில் அமைந்துவிடுகின்றன. விருட்சாசனம் அதைவிடக் கடினம். சில வாரங்கள் கழித்து முயலலாம். சிரசாசனத்தைத் தரையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விழுவதையும் பயில வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பலகையைக் கட்டிக்கொள்ளப் பார்க்காதீர்கள். பலகையைவிட்டு விலகி, உடலைப் பரப்பி, தட்டையாக விழுங்கள். திரும்ப ஏற, பக்கவாட்டிலிருந்து கைப்பிடியைப் பற்றி, கால்களை உதைத்து நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். கால்கள் செங்குத்தாகத் தொங்கும்போது ஏற முயல்பவர் பலகையைத் தம்மேல் கவிழ்த்துக்கொள்வார். இதை ஆசனம் எதற்கும் முன்பாக நான்கைந்து முறை பழகிவிடுவது நல்லது.

மூச்சுப் பயிற்சி பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளை நீரின்மேல் செய்யாதீர்கள். செய்துவிட்டு நீரில் மூழ்கி நீந்தவும் செய்யாதீர்கள். வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. 'மூச்சுவிடு' என்று நம்மை நெருக்குவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவன்று, கரியமில வாயுவின் பெருக்கமே. அந்த மணி அடிக்காததால், ஆக்சிஜன் தீர்ந்துபோனதை அறியாமலே நீருக்கடியில் மயங்கிவிட நேரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். பலகையில் இயல்பான, மெதுவான மூச்சு போதும்.

அமைதியான நீர் என்னும் பொறி

நம் நாட்டில் சென்னைக்குத் தெற்கே கோவளம், கர்நாடகத்தின் முல்கி போன்ற இடங்களில் அலைச்சறுக்குப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பலகையும் பயிற்சியாளரும் கிடைப்பர். தனியே கடலில் இறங்குபவர்கள் காற்றைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கிழக்குக் கரையில் விடியற்காலையில் நிலம் குளிர்ந்திருக்கும். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். நண்பகலை ஒட்டி நிலம் சூடேறியபின் கடற்காற்று கரையை நோக்கி வரும். காலையில் நிலக்காற்று கரையோர நீரைத் தட்டித் தட்டையாக்கிவிடும். கண்ணாடிபோல் கிடக்கும் கடலைப் பார்த்தால் 'இதைவிட நல்ல நாள் கிடைக்காது' என்று தோன்றும். பொறி அங்கேதான் இருக்கிறது. கரையோர மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைப்பதால், கரையிலிருந்து தள்ளிப்போகப் போகக் காற்று வலுக்கும். அது உங்களை வெளிக்கடலை நோக்கித் தள்ளும். நிற்கும் மனித உடல் ஒரு பாய். மணிக்கு 18 கி.மீ. காற்றில் உடல்மேல் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவுக்கு விசை விழும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஒரு மணிநேரம் ஓயாது ஒரு கிலோ உங்களைக் கடலுக்குள் தள்ளுவதை எண்ணிப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மேல்காற்று வலுவாக இருக்கும் நாட்களில் இந்த ஆபத்து கூடுதல்.

எனவே இறங்குமுன் கையளவு மணலை எடுத்து மெதுவாக உதிருங்கள். மணல் கடலை நோக்கிப் பறந்தால் அன்றைக்கு வேண்டாம். நடுவில் அப்படிக் காற்று திரும்பிவிட்டால் உடனே மண்டியிடுங்கள். பாயின் பரப்பு பாதியாகும். அதுவும் போதவில்லை என்றால் குப்புறப் படுத்துக் கைகளால் வலியுங்கள். எது நேர்ந்தாலும் பலகையை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்த முயலாதீர்கள். மிதக்கும் பலகை தேடி வருபவர்களின் கண்ணில் படும். நீந்தும் தலை படாது.

உடலுக்கு இதனால் என்ன நன்மை? எடை குறையும், நச்சு நீங்கும் என்றெல்லாம் விளம்பரங்கள் சொல்கின்றன. அவற்றை நம்ப வேண்டியதில்லை. ஆடும் பரப்பில் நிற்கையில் இடுப்பைச் சுற்றிய தசைகள் தொடர்ந்து வேலை செய்கின்றன என்பது உண்மை. சமநிலைப் பயிற்சி முதியோர் விழுவதைக் கணிசமாகக் குறைக்கிறது என்பதும் பல ஆய்வுகளால் உறுதியான செய்தி. ஆனால் அந்த ஆய்வுகள் தரையில் நடந்தவை. அதற்குப் பலகை தேவையில்லை. தடித்த இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் நின்று பாருங்கள். உள்ளங்காலின் சாட்சியம் மங்கிவிடும். கண்ணையும் மூடினால் உட்செவி மட்டுமே மிஞ்சும். சமநிலைக் குறைபாட்டைச் சோதிக்கும் மருத்துவர்களும் இப்படித்தான் நுரைமெத்தையின்மேல் நிறுத்திப் பார்க்கிறார்கள். பலகையில் ஏற எண்ணுபவருக்கு இது நல்ல முன்பயிற்சி. முதியவர்கள் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

பலகையில் ஒரு மணிநேரம் இருந்துவிட்டுக் கரையேறியதும் ஒரு விந்தையை உணர்வீர்கள். தரை ஆடும்! குளிக்கக் கண்ணை மூடினால் குளியலறை மிதக்கும். இது நோயன்று. ஆட்டத்துக்கு ஈடுசெய்யக் கற்ற மூளை, ஆட்டம் நின்ற பிறகும் அந்த ஈட்டைத் தொடர்கிறது. பெரும்பாலோருக்குச் சில மணிநேரத்தில் அடங்கிவிடும். நாட்கணக்கில் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.